ரெய்டு 1-இல் இரண்டு டிஸ்க்கும் கோளாறு: படங்களை மீட்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. லினக்ஸில் எம்டிஅட்ம் (mdadm) என்ற மென்பொருள் மூலம் இரண்டு 4 டிபி டிஸ்க்குகளை ரெய்டு 1 ஆக, அதாவது இரண்டிலும் ஒரே தரவு எழுதப்படும்படி, வைத்திருந்தேன். அப்பாவின் கடைசி இரண்டு வருடப் படங்களும் குரல் பதிவுகளும் அதில்தான் இருக்கின்றன. வேறு நகல் இல்லை.

போன வாரம் பெட்டிக்குள் டக், டக்கென்று சத்தம். ஒரு ஃபோல்டர் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆனது. உடனே அணைத்துவிட்டேன். தனித்தனியாக எம்டிஅட்மின் எக்ஸாமின் கட்டளையைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: ஈவென்ட்ஸ் எண் (ரெய்டில் மாற்றம் நடக்க நடக்கக் கூடும் எண்) இரண்டிலும் வேறு வேறு. முதல் டிஸ்க் ஐந்து மாதங்களுக்கு முன்பே ரெய்டிலிருந்து கழன்றுவிட்டது. எச்சரிக்கை மெயில் வர நான் ஏற்பாடு செய்திருக்கவில்லை. அதன்பின் எழுதியதெல்லாம், இப்போது சத்தம் போடும் இரண்டாவது டிஸ்க்கில் மட்டும்தான்.

ரெய்டை மறுபடி கட்டும் ரீபில்ட், புதிதாக உருவாக்கும் கிரியேட், ஃபைல் அமைப்பைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே (fsck) எதையும் தொடவில்லை. கோளாறான டிஸ்க்கிலிருந்தும் நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) கருவியில் இரண்டுக்கும் இமேஜ் (முழு டிஸ்க்கின் நகல்) எடுத்தேன். முதலாவது முழுசாக வந்தது. இரண்டாவதில் சுமார் 16 ஜிபி படிக்க முடியவில்லை. எந்தெந்த இடங்கள் படிக்கப்படவில்லை என்று குறித்திருக்கும் மேப் ஃபைல் பத்திரமாக இருக்கிறது.

அந்த ஓட்டைகளை முதல் இமேஜின் அதே இடத்திலிருந்து நிரப்பலாமா? பழைய படங்கள் மாறியிருக்காது, சரி. ஆனால் ஃபைல்களின் விவரம் இருக்கும் ஐநோடு டேபிளோ, ஃபோல்டர் பட்டியலான டைரக்டரியோ அங்கே விழுந்திருந்தால் பழையதும் புதியதும் கலந்துவிடுமே என்று பயமாக இருக்கிறது. அதைவிட, இரண்டு இமேஜையும் ரீட்-ஒன்லியாக, ஜர்னல் (முடிவடையாத மாற்றங்களின் பதிவேடு) ஓடாமல் நோலோட் (noload) ஆப்ஷன் போட்டு மவுன்ட் செய்து, பழையதை முதலாவதிலும் புதியதை இரண்டாவதிலும் எடுப்பது நல்லதா?

அப்புறம், சத்தம் வரும் டிஸ்க்கில் தலைகீழாக, அதாவது கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கி, இன்னொரு முறை படிக்க முயலலாமா, அல்லது நிறுத்திவிட்டு நேராக மீட்பு லேபுக்குக் கொடுத்துவிட வேண்டுமா? இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.