மறு: லைவ் ஆல்பம் = நேரலைத் தொகுப்பா? எனக்கு ஒப்பல

எல்லாருக்கும் வணக்கம், லேட்டா வரேன், திட்டாதீங்க. லைவ் ஆல்பம், அதாவது கச்சேரில ஆளுங்க முன்னாடி பாடினத பதிஞ்சு விக்கற ஆல்பம், அதுக்கு தமிழ்ல என்ன சொல்லு வெக்கலாம்னு பேசிட்டு இருந்தீங்கல்ல, அதுக்குத்தான் இந்த பதில்.

> நேரலைத் தொகுப்புன்னே வெச்சிடலாம்பா. டிவிக்காரங்க பழக்கிவிட்ட சொல்லு, யாருக்கும் விளக்க வேண்டியதில்ல.

அண்ணா, போன வாரம் வரைக்கும் நானும் இதுக்கு தலையாட்டியிருப்பேன். வாஸ்கோ ரோஸ்ஸி பத்தி கட்டுரை எழுதறேன்னு சொன்னேன்ல, இத்தாலி ராக் பாடகர், 1952-ல மோதெனா பக்கம் சோக்கான்னு ஒரு மலையூர்ல பொறந்தவரு, எழுபது தாண்டியும் ஸ்டேடியம் ஸ்டேடியமா பாடிட்டு திரியறாரு, அவரு ஆல்பம் பட்டியல் போடும்போதுதான் இந்த சொல்லு காலை வாரிடுச்சு.

2017 ஜூலை 1-ம் தேதி மோதெனாவுல என்ட்ஸோ ஃபெராரி பூங்காவுல ஒரு கச்சேரி, பாட வந்து 40 வருஷம் ஆச்சுன்னு. வித்த டிக்கெட் மட்டும் 2,20,000-க்கு மேல. அன்னிக்கு ராத்திரியே டிவியிலயும் சினிமா தியேட்டர்லயும் காட்டினாங்க, அது நேரலை, சந்தேகமே இல்ல. அதே கச்சேரி அந்த வருஷக் கடைசில ஆல்பமாவும் வந்துச்சு. இப்ப நான் "மோதெனா நேரலை"ன்னு எழுதினா படிக்கறவங்க எத எடுத்துப்பாங்க? ஒரே கச்சேரி, ரெண்டு சரக்கு, ரெண்டுக்கும் ஒரே பேரு. ஆறு மாசம் கழிச்சு சிடி வாங்கி கேக்கறவனுக்கு அதுல நேரும் இல்ல, அலையும் இல்ல.

இதுல வேடிக்கை என்னன்னா இத்தாலிக்காரங்களுக்கு இந்த குழப்பமே கெடையாது. நடக்கும்போதே டிவில போனா அது 'இன் திரெத்தா'. ஆளுங்க முன்னாடி நின்னு பாடினா 'தால் வீவோ'. பொழுதுக்கும் லைவ் லைவ்னு அவங்களும் சொல்றாங்கதான், ஆனா பிரிச்சு சொல்லணும்னா கைல ரெண்டு சொல்லு இருக்கு. இங்கிலீஷ்லதான் ரெண்டுக்கும் ஒரே லைவ், நாம அந்த வாசல் வழியா போனதால ஒரு சொல்லுதான் கெடைச்சுது. நேரலை முதல் சொல்லுக்கு அழகா பொருந்துது, அத அங்கயே விட்ருவோம், இப்ப தேட வேண்டியது ரெண்டாவதுக்கு.

> வீவோன்னா உயிருள்ளன்னு அர்த்தமாமே, அப்ப உயிர்ப்பதிவு?

தம்பி, நல்லாத்தான் இருக்கு, ஆனா கவிதைப் புக்கு அட்டைல போட்ட மாதிரி இருக்கு. அதுவுமில்லாம ஸ்டுடியோல பாடினது எல்லாம் உயிரில்லாததுன்னு ஆயிடும்ல.

'தொகுப்பு'லயும் எனக்கு ஒரு மனக்கொறை. பழைய பாட்டுல இருந்து நல்லதா பத்து பொறுக்கி போடறதயும் நாம தொகுப்புன்னுதான் சொல்றோம். வாஸ்கோவுக்கு ரெண்டு வகையும் கட்டு கட்டா இருக்கு, பட்டியல்ல பக்கத்துல பக்கத்துல வந்தா நானே தடுமாறுவேன்.

அதனால என் ஓட்டு மேடைப்பதிவுக்கு. இது ஒண்ணும் நான் ஒக்காந்து யோசிச்சு கண்டுபிடிச்சதில்ல, அந்த ஆல்பங்களே சொல்லுது. 1990-ல வந்த வாஸ்கோ லைவ் ஆல்பத்தோட பேரு 'ஃப்ரோன்தே தெல் பால்கோ'. பால்கோன்னா மேடை. மோதெனா இருக்கற அதே எமிலியா பக்கத்துக்காரர் லிகாபுவே, அவரும் ராக்தான், 1997-ல போட்ட லைவ் ஆல்பத்துக்கு மேடை ஏறி இறங்கறதத்தான் பேரா வெச்சாரு, அதுலயும் பால்கோ. பாடறவனுக்கே அங்க முதல்ல தோணறது மேடைதான். நம்ம பக்கம் பாத்தாலும் மேடைன்னாலே எதிர்ல நாலு பேராச்சும் இருக்காங்கன்னு அர்த்தம், மேடைப்பேச்சு, மேடை நாடகம், மேடைக்கூச்சம். (மேடைக்கூச்சம்னதும் இன்னொரு இத்தாலி பாடகர் ஃபாப்ரிட்ஸியோ தெ ஆந்த்ரே ஞாபகம் வருது. 1961-லயே ரெக்கார்ட் போட ஆரம்பிச்ச மனுஷன், கச்சேரின்னு மேடை ஏற 1975 ஆச்சு. அப்புறம் 1979-ல பிஎஃப்எம்ங்கற இத்தாலி ராக் குழுவோட சேந்து வந்ததுதான் அவரோட முதல் மேடைப்பதிவு. பாத்தீங்களா, சொல்லு தானா வந்து ஒக்காந்துக்குது.)

> மேடையில டேப்பை ஓடவிட்டு வாயசைச்சாலும் மேடைதானே கண்ணு? நேரடின்னு எங்கயாச்சும் வர வேணாமா?

அக்கா, இந்த கேள்வி சரியான கேள்வி, ரெண்டு நாள் முழிச்சேன். இதுக்கும் வாஸ்கோகிட்டயே கதை இருக்கு. 1983, இத்தாலில வருஷா வருஷம் நடக்கற சான்ரெமோ பாட்டுப் போட்டி, ஃபைனல். அங்க ரெக்கார்ட் பண்ண பாட்டைத்தான் ஓடவிடறாங்க. இவரு பாட்டு முடியறதுக்குள்ளயே மேடைய விட்டு நடந்து போயிட்டாரு, ஆள் இல்ல, குரல் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு. கடைசிக்கு முந்தின எடம் கெடைச்சுது, ஆனா அந்த பாட்ட இன்னிக்கு வரைக்கும் ஊரே பாடுது. நீங்க சொல்ற ஏமாத்து வேலை நடக்கும்தான், ஆனா அத 'நேரடி'ன்னு பேரு வெச்சு தடுக்க முடியாது. லைவ் ஆல்பம்னு விக்கறதுலயே எத்தனையோல அப்புறமா ஸ்டுடியோல ஒக்காந்து குரலை சரி பண்றாங்க, அப்ப நேரடிங்கறது பொய் சத்தியம் மாதிரி ஆயிடும். மேடைப்பதிவு அவ்ளோ பெருசா வாக்கு குடுக்கல, எங்க புடிச்சதுன்னு மட்டும் சொல்லுது.

ஒரே ஒரு கொறை நானே சொல்லிடறேன். கூட்டம் இதுல இல்ல. ராத்திரி பஸ்ல இயர்போன்ல வாஸ்கோவோட 'அல்பாகியாரா' கேட்டுட்டு வந்தேன், எப்பவும் கச்சேரிய முடிக்கற பாட்டு அது, முதல் ரெண்டு ஸ்வரம் விழறதுக்குள்ள கூட்டம் கண்டுபுடிச்சு ஓன்னு கத்துது, அப்புறம் அவரு பாடறாரா அவங்க பாடறாங்களான்னே தெரியல. அந்த சத்தத்த புடிக்கறதுக்குன்னே ஜனங்க பக்கம் திருப்பி தனி மைக் வெக்கறாங்க. ஆனா 'கூட்டப்பதிவு'ன்னு போட்டா கட்சி மாநாடுதான் ஞாபகம் வரும்.

அரங்கப்பதிவு வேணாம், பூங்காவுல ஏது அரங்கம். மேடைத்தட்டுன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க, இசைத்தட்டு மாதிரின்னு புரியுது, ஆனா கல்யாணத்துல அடுக்கற சீர்வரிசைத் தட்டு மாதிரி இருக்குங்க, மன்னிச்சுக்கோங்க. ஸ்டுடியோ ஆல்பத்துக்கு ஜோடி சொல்லு தேட வேணாம்னு தோணுது, வெறும் ஆல்பம்னு விட்டா போதும், அதுதானே வழக்கம்.

பாடலாசிரியரே பாடகர்ங்கறதுக்கு இத்தாலிக்காரங்க 1960 வாக்குல பாடகரையும் ஆசிரியரையும் ஒட்டி 'கான்தவுத்தோரே'ன்னு ஒண்ணு செஞ்சாங்க, அத தனி இழைல வெச்சுக்கலாம், இதுலயே மூச்சு வாங்குது.

இப்ப என் நடைமுறை சிக்கல். 1984-ல வந்த முதல் லைவ் ஆல்பம், 'வா பெனே, வா பெனே கொஸீ', அதுல தலைப்புப் பாட்டு மட்டும் ஸ்டுடியோல பண்ணது, மிச்சம் கச்சேரி. மேடைப்பதிவு வரிசைலயே போட்டு பக்கத்துல ஒரு நட்சத்திரக்குறி வெச்சிருக்கேன். வேற வழி தோணினா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க, அன்னிக்கு பட்டியல அனுப்பணும்.