ஆர்க்கிகோசீட்டஸ் நிம்ஃப்கள் கிடைக்குமா?

ஆர்க்கிகோசீட்டஸ் லாஞ்சிசெட்டோசஸ் என்ற மண் மைட்டின் (மண்ணில் வாழும் நுண்ணிய உண்ணி வகை) எல்லாப் பருவங்களும் ஒரே இடத்திலிருந்து வேண்டும்: லார்வா, அதற்கும் முதிர்ந்ததற்கும் இடைப்பட்ட நிம்ஃப்கள், முதிர்ந்தது. 1965-ல் ஜப்பானிய மைட் ஆய்வாளர் அவோகி தாய்லாந்து மாதிரிகளை வைத்துப் பெயரிட்ட இனம் இது. வெப்பமண்டலத்தில் பரவலாக உண்டு, ஆண் துணையின்றியே பெருகும்.

ஈரச் சருகை மேல்மண்ணோடு அள்ளிப் புனலில் 2 மி.மீ. வலைமேல் பரப்புங்கள். கீழே குப்பியில் 75% எத்தனால், மேலே 25 வாட் குண்டு பல்பு. சூட்டுக்குத் தப்பி மைட்டுகள் கீழே இறங்கிக் குப்பியில் விழும். பல்பை முதல் நாளே நெருக்கிவிடாதீர்கள். சருகு சட்டென்று காய்ந்தால் மெல்லிய தோலுள்ள இளசுகள் இறங்கும் முன்பே செத்துப்போகும். குப்பியில் முதிர்ந்தவை மட்டும்தான் மிஞ்சும். மெதுவாக ஐந்து நாளாவது விடுங்கள்.

லார்வாவுக்கு 6 கால்கள், அதில் குழப்பமில்லை. மூன்று நிம்ஃப் பருவங்களுக்கும் 8 கால்கள் என்பதால் உடல் அளவை மட்டும் நம்ப வேண்டாம். உடல் தெளிய லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்து, மல்லாத்தி நுண்ணோக்கியில் பார்த்தால், பிறப்புறுப்பு மடலுக்கடியில் கண்ணாடி போன்ற சிறு குமிழ்கள் தெரியும்: முதல் நிம்ஃபில் 1 ஜோடி, அடுத்ததில் 2, மூன்றாவதில் 3. முதிர்ந்ததிலும் 3 ஜோடிதான், ஆனால் ஓடு இறுகிப் பழுப்பாகியிருக்கும்.

இரண்டாம் நிம்ஃப்தான் அவசரத் தேவை. சிக்கினால் வயிற்றுப்புறப் படத்தை அளவுகோலோடும், எடுத்த இடம், தேதியோடும் இங்கே போடுங்கள். குப்பியைக் கொட்டிவிடாதீர்கள், ப்ளீஸ்.