போர்ட் 22ஐ மாத்திட்டா போதுமா?

சாவிக்கொத்து:
வெளியூர்லேர்ந்து வீட்டு கம்ப்யூட்டருக்கு ஃபைல் அனுப்பறது எப்படின்னு ஒருத்தர் கேட்டதுக்கு, "எஸ்எஸ்ஹெச் போர்ட்ட 22லேர்ந்து 2222க்கு மாத்துங்க, அப்புறம் எவனும் நுழைய முடியாது"ன்னு இரவுப்பறவை பதில் போட்டிருக்கார். (எஸ்எஸ்ஹெச்னா தூரத்துலேர்ந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குள்ள பாதுகாப்பா லாகின் பண்ற வழி, போர்ட்னா அதுக்கான வாசல் நம்பர், வழக்கமா 22.) படிச்சதும் எரிச்சலா வந்துச்சு. இத நம்பி பாஸ்வேர்ட் லாகினை அப்படியே விட்டுட்டு ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்ட் பண்றவன் (வெளியிலேர்ந்து வர்ற இணைப்ப வீட்டு மெஷினுக்கு திருப்பி விடறவன்) கதி என்ன? மொத்தமே 65535 போர்ட், ஸ்கேன் பண்றவனுக்கு அதெல்லாம் ஒரு வேலையே இல்ல, அதுலயும் 2222 எல்லாரும் மாத்தற நம்பர்.

இரவுப்பறவை:
பாடம் எடுக்க வந்துட்டீங்களா? 22ல இருந்தப்ப லாக் (யார் நுழையப் பாத்தாங்கன்னு மெஷின் எழுதி வைக்கற பதிவு) பூரா "ஃபெயில்ட் பாஸ்வேர்ட் ஃபார் ரூட்"னு, அதாவது அட்மின் கணக்குக்கு தப்பான பாஸ்வேர்ட்னு, ஓடிட்டே இருந்துச்சு, மாத்துனேன், கப்சிப். கண்ணால பாத்தத சொல்றேன்.

சாவிக்கொத்து:
லாக் கப்சிப்னா தானா சுத்தி பாஸ்வேர்ட் போட்டுப் பாக்கற புரோகிராம் (பாட்) கொறஞ்சிருக்கு, அவ்ளோதான். தட்டற சத்தம் கேக்கலங்கறதுக்காக கதவ பூட்டியாச்சுன்னு அர்த்தமா? இடி25519ங்கற வகையில கீ ஜோடி ஒண்ணு (பாஸ்வேர்டுக்கு பதிலா வர்ற டிஜிட்டல் சாவி) உருவாக்கி, அதுல வெளிய குடுக்கற பாதியான பப்ளிக் கீயை வீட்டு கம்ப்யூட்டர்ல போட்டு, கீ வச்சு உள்ள போக முடியுதான்னு பாத்துட்டு, எஸ்எஸ்ஹெச் செட்டிங்ல பாஸ்வேர்ட்ஆத்தென்டிகேஷன "நோ" ஆக்குங்க. அதோட நிறுத்தினா சில மெஷின்ல கேபிடிஇன்டராக்டிவ்ங்கற இன்னொரு செட்டிங் வழியா திரும்பவும் பாஸ்வேர்ட் கேக்கும், அதையும் "நோ" போடணும். இதுல ஒரு வரியாவது உங்க பதில்ல இருந்துச்சா?

இரவுப்பறவை:
கீ போடாதீங்கன்னு நான் எங்க சொன்னேன்? போர்ட்ட மாத்துங்கன்னு சொன்னேன். அது தப்பா, இல்லையா?

சாவிக்கொத்து:
"அப்புறம் எவனும் நுழைய முடியாது"ன்னீங்களே, அதுதான் தப்பு.

சுரங்கவழி:
ரெண்டு பேரும் எதுக்கு அடிச்சுக்கறீங்க, எஸ்எஸ்ஹெச்ச வெளிய திறக்கவே வேணாம். வயர்கார்ட்னு ஒரு விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்கு ரகசிய சுரங்கப்பாதை மாதிரி) போடுங்க. 2020லேர்ந்து லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்லயே இருக்கு, சரியான கீ இல்லாதவன் தட்டினா பதிலே வராது.

இரவுப்பறவை:
அதுக்கும் ஒரு போர்ட் திறக்கணுமே சார்? ஆக மறுபடியும் போர்ட்டுக்கு தான் வர்றீங்க.

சுரங்கவழி:
அது யூடிபி, முன்கூட்டியே இணைப்பு போடாம டேட்டா அனுப்பற முறை. பதிலே சொல்லாத போர்ட்டும் வாசல்லயே லாகின் கேக்கற போர்ட்டும் ஒண்ணா?

பழையடிஸ்க்:
ஃபைல் அனுப்பறத பத்தி தான கேட்டாரு? எஸ்எஸ்ஹெச் வழியா ஃபைல் காப்பி பண்ற எஸ்சிபி கமாண்டே போதும்.

சாவிக்கொத்து:
பெரிய ஃபோல்டர் பாதியில அறுந்தா எஸ்சிபி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். ஆர்சிங்க்னு இன்னொரு காப்பி கமாண்ட் இருக்கு, அதுல பார்ஷியல் ஆப்ஷன் குடுத்தா வந்த வரைக்கும் வச்சுக்கிட்டு மிச்சத்த எடுக்கும், அதுவும் எஸ்எஸ்ஹெச் மேலயே ஓடும். எஸ்எஸ்ஹெச் சாஃப்ட்வேரான ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.0 வந்தப்பவே, 2022ல, எஸ்சிபிக்கு உள்ளயே எஸ்எஃப்டிபிங்கற வேற ஃபைல் அனுப்பற முறைய வழக்கமா வச்சுட்டாங்க. பழைய முறைய அவங்களே விட்டாச்சு, நீங்க இன்னும் புடிச்சு தொங்கறீங்க.

பழையடிஸ்க்:
போன தடவ பேக்கப் பேச்சுலயும் இப்படித்தான் என்னை மட்டம் தட்டினீங்க, நான் மறக்கல. எஸ்சிபி கமாண்ட் இன்னிக்கும் வேலை செய்யுதுல்ல?

சாவிக்கொத்து:
பேக்கப்ப இங்க இழுக்காதீங்க, அன்னிக்கும் நான் சொன்னது சரிதான். இரவுப்பறவை சார், அந்த 2222 பதிலை திருத்தப் போறீங்களா இல்லையா? புதுசா வர்றவங்க மொதல்ல அத தான் படிக்கறாங்க.

இரவுப்பறவை:
திருத்த மாட்டேன். என் லாக் இன்னும் காலியா தான் இருக்கு.

சாவிக்கொத்து:
ஒருத்தன் சரியான பாஸ்வேர்ட் போட்டு நுழைஞ்சாலும் அங்க ஃபெயில்ட்னு வராது, "அக்செப்டட் பாஸ்வேர்ட்"னு வரும். அந்த வரிய தேடிப் பாத்துட்டு வந்து பேசுங்க.

இரவுப்பறவை:
தேட வேண்டிய அவசியமே இல்ல, போர்ட்ட தான் மாத்தியாச்சே.