இணையப் பதிவுக்குச் சமூக ஊடகத் தளங்கள் பணம் தர வேண்டுமா? நேரில் கண்டதைப் பகிருங்கள்

பவானிக்காரர்:
பணம் தர வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். யாருக்குத் தருவது என்பதுதான் என் மனத்தை அரிக்கிறது. எங்கள் தெருவில் குழித்தறியில் ஜமக்காளம் நெய்யும் பெரியப்பாவை ஒரு வெளியூர் இளைஞர் அரைநாள் படம் பிடித்துப் போனார். அதை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அவர் மறுபடி வந்தபோது பெரியப்பா தறியை நிறுத்தி, நாடாவைக் கையில் பிடித்தபடியே, "ஏனுங்க தம்பி, அதுக்குக் காசு வருதாமே, தறியும் கையும் எம்படதுதானுங்களே?" என்று கேட்டார். வந்தவர் பதில் சொல்லாமல் ஓர் இனிப்புப் பெட்டியை நீட்டினார். நீளமான காணொளிக்கு வரும் விளம்பர வருவாயில் யூடியூப் 55 விழுக்காட்டைப் பதிவேற்றியவருக்குத் தருகிறது. படத்தில் உழைப்பவருக்கு அதில் என்ன பங்கு என்பது பதிவேற்றியவரின் மனச்சாட்சியைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

பெருந்துறை மஞ்சள் விவசாயி:
பணம் வரத் தொடங்கியதும் பதிவே மாறிப்போவதை நான் கண்டேன். எங்கள் பக்கம் மஞ்சள் விலை சொல்லும் சேனல் ஒன்று உண்டு. முன்பெல்லாம் விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் குறைந்த விலை, கூடிய விலை, வந்த மூட்டைகள் ஆகியவற்றை மட்டும் சொல்லி ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். இப்போது பேச்சு எட்டு நிமிடத்தைத் தாண்டுகிறது. எட்டு நிமிடக் காணொளிக்கு நடுவிலும் விளம்பரம் வைக்கலாம் என்று 2020இல் விதி தளர்ந்ததே, அதுதான் காரணம் என்பது என் எண்ணம். முகப்புப் படத்தில் "உச்சம் தொட்ட மஞ்சள்" என்றிருந்ததை நம்பி, கொடுமுடிப் பக்கத்து விவசாயி ஒருவர் இருப்பு வைத்திருந்த மூட்டைகளை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வந்துவிட்டார். தம் சரக்குக்கு விழுந்த விலையைப் பார்த்தபின், மூட்டைமேல் உட்கார்ந்து அதே காணொளியைக் கடைசிவரை ஓடவிட்டார். அந்த உச்ச விலை ஏலத்தில் ஒரே ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரே ஒரு குவியலுக்குத்தான் கிடைத்தது என்ற செய்தி முடிவில்தான் வருகிறது. "இதைய மொதல்லயே சொல்லியிருந்தா வண்டி வாடகையாவது மிஞ்சியிருக்குமுங்க" என்றார். அவர் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

திருப்பூர்வாசி:
பெருந்துறை நண்பர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பகிர்பவருக்குக் காசு வராத வாட்ஸ்அப் குழுக்களிலும் பொய் விலை ஓடத்தான் செய்கிறது. சிலர் ஏய்க்கிறார்கள் என்பதற்காக எல்லோருடைய கூலியையும் நிறுத்தச் சொல்வது நியாயமாகாது. என் அண்ணி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடித்துவிட்டு வந்து, இரவில் ரவிக்கை வெட்டுவது எப்படி என்று படம் எடுத்துப் போடுகிறார். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்கும் எண்ணைத் தபாலில் அனுப்புவது, யூடியூப் பணத்தைப் பட்டுவாடா செய்யும் கூகுள் ஆட்சென்ஸின் வழக்கம். அந்த உறை வந்த அன்று, அதைப் பிரிக்காமல் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எம்பேருக்குன்னு வந்த மொதத் தபாலுங்க இது" என்றார். இந்தப் பணம் வேண்டாம் என்று சொல்வது வேறு வருமானம் உள்ளவர்களுக்கு எளிது.

கோபி:
என் மைத்துனர் வரிப் படிவத்தைக் கவனிக்காமல் விட்டதால், பிடித்தம் போக மீதிதான் அவருக்கு வந்தது. ஆகவே திருப்பூர் அண்ணியார் இவற்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். யூடியூப் வருவாய்க்கு 2021 ஜூன் முதல் அமெரிக்க வரிப் பிடித்தம் உண்டு. அமெரிக்கர் அல்லாத தனிநபருக்கான டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தைக் கொடுத்து, வரி ஒப்பந்தச் சலுகையைக் கோரினால், அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பகுதிக்கு மட்டும் 15 விழுக்காடு பிடிப்பார்கள். கொடுக்காவிட்டால் மொத்த வருவாயிலும் 24 விழுக்காடுவரை பிடித்துவிடுவார்கள். பான் அட்டையில் உள்ள பெயரே வங்கிக் கணக்கிலும் இருக்கட்டும். 100 டாலர் சேரும்வரை பணம் கைக்கு வராது என்பதால், முதல் மாதங்களில் மனம் தளர வேண்டாம். கடன் வாங்கிக் கேமரா வாங்க வேண்டாம். கம்பெனி வேலையையும் விட்டுவிட வேண்டாம்: யூடியூபில் விளம்பர வருவாய் பெற 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று 2018இல் விதி வந்தபோது, அதுவரை சிறிதளவு சம்பாதித்துக்கொண்டிருந்த எத்தனையோ சேனல்கள் வருவாயை இழந்தன.

பொள்ளாச்சித் தோப்புக்காரர்:
பதிவுக்குக் கீழே பதிலெழுதுகிறவர்களை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். எங்கள் தென்னையில் வெள்ளை ஈ விழுந்து, ஓலையெல்லாம் கரும்பூசணம் படர்ந்து கறுத்திருந்த சமயத்தில், மருந்து அடிக்கச் சொல்லும் ஒரு காணொளியைப் பார்த்தேன். அதன் கீழே ஆனைமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "மருந்தடிச்சா அந்த ஈயைத் திங்கற நல்ல பூச்சியும் செத்துப்போகுமுங்க" என்று தொடங்கி, மஞ்சள் தாளில் ஆமணக்கு எண்ணெய் தடவித் தோப்பில் கட்டுவது, ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது, வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி உள்ள ஓலைத் துண்டுகளை மரத்தில் செருகுவது என்று பொறுமையாக எழுதியிருந்தார். நான் செய்தது அவர் சொன்னதைத்தான். வருவாய் போனது சேனல்காரருக்கு. 2023இல் எக்ஸ் தளம் (முன்பு ட்விட்டர்) பணம் தரத் தொடங்கியபோதும், பதில்களுக்கு நடுவே தோன்றிய விளம்பரங்களின் பங்கு மூலப்பதிவு போட்டவருக்குத்தான் போனது, பதிலெழுதியவருக்கு அல்ல. பணம் தரட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவரைப் போன்றவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று விதியிலேயே எழுதித் தரட்டும்.