விளையாட்டு நிர்வாகப் பயிற்சி: வகுப்பை முடித்துக் களத்துக்கு வந்ததும் எங்கே சறுக்குகிறது?

பயிற்சி ஒருங்கிணைப்பாளர்

விளையாட்டு, பொழுதுபோக்கு நிர்வாகம் படிப்பவர்கள் வகுப்புத் தேர்வில் நன்றாகவே எழுதுகிறார்கள். அதே ஆட்களை மைதானத்திலோ நீச்சல் குளத்திலோ நேரடி வேலைக்கு விட்டால், சில இடங்களில் வரிசையாக எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் கண்ணில் பட்டதை எண்களோடு எழுதுங்கள். ஆர்வம் வேண்டும், அர்ப்பணிப்பு வேண்டும் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

போட்டி அமைப்பாளர்

முதல் சறுக்கல் அட்டவணையில்தான். டிரா (யாரோடு யார் மோதுவது என்ற வரிசை) போடத் தெரியும், நேரம் போடத் தெரியாது.

13 அணிகள், நாக்-அவுட், வாலிபால் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டங்கள் 12 (அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு). 2, 4, 8 என இரட்டிப்பாகும் வரிசையில் அடுத்த எண் 16, ஆகவே 3 அணிகளுக்கு பை (bye: முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது). முதல் சுற்றில் 5 ஆட்டம், காலிறுதி 4, அரையிறுதி 2, இறுதி 1. இதுவரை எல்லாரும் சரியாகவே போடுவார்கள்.

இரண்டு கோர்ட் இருக்கிறது, மூன்று செட் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம், அடுத்த அணி இறங்கி வார்ம்-அப் செய்ய 15 நிமிடம் என்று கொடுத்தால், உடனே 12-ஐ 2-ஆல் வகுத்து "6 நேரச் சுற்று, ஏழரை மணி நேரம்" என்று எழுதிவிடுகிறார்கள். இறுதி ஆட்டத்தோடு கூட வேறெந்த ஆட்டமும் ஓட முடியாது. மிச்சம் 11 ஆட்டத்துக்கே 6 நேரச் சுற்று வேண்டும். ஆக 7 நேரச் சுற்று, 8 மணி 45 நிமிடம். அதுவும் ஒரு அணி மூச்சு விடாமல் அடுத்தடுத்து இறங்கச் சம்மதித்தால்தான். அரையிறுதிக்கு முன்னும் இறுதிக்கு முன்னும் அரை மணி ஓய்வு சேர்த்தால் 9 மணி 45 நிமிடம். தொடக்க விழாவில் சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவதையும் (எந்த அட்டவணையிலும் யாரும் சேர்க்காத அயிட்டம் அது) சேர்த்தால் இது ஒரே நாளில் முடிகிற போட்டியே இல்லை. அதைப் போட்டிக்கு முந்தைய வாரமே சொல்லத் தெரிந்தவர்தான் நிர்வாகி.

பை யாருக்கு என்பதையும் டிராவுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். சீடு செய்த (பலமானவை என்று முன்பே தரவரிசைப்படுத்திய) அணிகளுக்கா, குலுக்கலிலா? டிரா முடிந்தபின் சொன்னால் புரொடெஸ்ட் வரும். அது நியாயமான புரொடெஸ்ட்தான்.

மைதானப் பராமரிப்பு

கோடு போடுவதைச் "சுண்ணாம்பு வேலை" என்று கீழாக நினைப்பவர்களே அதிகம். செங்கோணம் பிசகினால் மற்றதெல்லாம் பிசகும். 3-4-5 முறை (பக்கங்கள் 3, 4, 5 என்று வரும் முக்கோணத்தில் ஒரு மூலை செங்கோணம்) எல்லாருக்கும் தெரியும். ஆனால் 3 மீட்டர், 4 மீட்டரிலேயே நின்றுவிட்டு, அங்கிருந்து 18 மீட்டருக்குக் கயிற்றை நீட்டினால் சின்னப் பிழையும் பெரிதாகிவிடும். 6-8-10 வைத்துப் பிடியுங்கள். முடிந்ததும் மூலைவிட்டம் பாருங்கள். 18 க்கு 9 வாலிபால் கோர்ட்டுக்கு இரண்டு மூலைவிட்டமும் 20.12 மீட்டர் வர வேண்டும்.

துணி டேப்பை இழுத்தால் நீளும். எஃகு டேப்தான் சரி. கோட்டின் அகலமான 5 செ.மீ. கோர்ட்டுக்குள் சேர்ந்தது. அளவு கோட்டின் வெளி விளிம்புவரை. நடுக்கோட்டுக்கு மட்டும் இது பொருந்தாது, அதன் நடு அச்சுதான் கணக்கு. நெட் உயரம் ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24 என்பது கோர்ட்டின் மையத்தில் அளப்பது. பக்கக் கோடுகளுக்கு மேலே இரண்டு உயரமும் சமமாக இருக்க வேண்டும், விதித்த உயரத்தைவிட 2 செ.மீ.-க்கு மேல் போகக்கூடாது. கம்பத்தருகே அளந்துவிட்டு, நடுவில் தொய்ந்து கிடப்பதைக் கவனிக்காமல் போவதுதான் வழக்கமான பிழை.

தடகள நடுவர்

டிராக் கணக்கையும் சேருங்கள். 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவது லேனுக்கு ஸ்டாகர் (தொடக்கக் கோட்டை முன்னால் தள்ளிப் போடும் தூரம்) 7.04 மீட்டர், அதன் பிறகு லேனுக்கு லேன் 7.67 கூட்டிக்கொண்டே போக வேண்டும். முதல் லேனை உள்விளிம்புக் கட்டையிலிருந்து 30 செ.மீ. தள்ளியும், மற்ற லேன்களை உட்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளியும் அளப்பதால் வரும் வித்தியாசம் இது. இது புரியாதவர்கள் எல்லா லேனுக்கும் 7.67 போட்டுவிடுகிறார்கள். இரண்டாம் லேன் முதல் எல்லாரும் 63 செ.மீ. முன்னால் நிற்பார்கள், முதல் லேன்காரர் மட்டும் முழு 400 ஓடுவார்.

புல்தரையில் கட்டை இல்லாமல் வெறும் கோடு போட்டால் கதையே மாறும். அங்கே முதல் லேனும் 20 செ.மீ. அளவுதான், ஆகவே இரண்டாம் லேனுக்கும் 7.67 சரி. ஆனால் கட்டை வைத்த டிராக்கின் வளைவுக்கான 36.50 மீட்டர் ஆரத்தை அப்படியே வைத்தால் முதல் லேன் 400-க்கு 63 செ.மீ. குறைந்து நிற்கும். ஆரத்தை 10 செ.மீ. கூட்டிப் போட வேண்டும்.

நீச்சல் குள மேற்பார்வையாளர்

குளத்தில் பயிற்சிக்கு வருபவர்கள் செய்யும் ஆபத்தான தவறு மூக்கை நம்புவது. "குளோரின் வாடை தூக்குகிறது, அளவைக் குறைப்போம்" என்பார்கள். அந்த வாடை பெரும்பாலும் வியர்வை, சிறுநீரோடு சேர்ந்த குளோரினுடையது. கிருமியைக் கொல்லும் தனிக் குளோரின் அங்கே தீர்ந்துகொண்டிருக்கும்; குறைத்தால் இன்னும் மோசம்.

சோதனை இரண்டு படி. டி.பி.டி. (நீரில் போட்டால் குளோரின் அளவுக்கேற்ப நிறம் காட்டும் சோதனை மாத்திரை) 1-ஆம் மாத்திரையில் தனிக் குளோரின், அதே குழாயில் 3-ஆம் மாத்திரையைப் போட்டால் மொத்தக் குளோரின். கழித்தால் கிடைப்பது இணைந்த குளோரின்; அது தனிக் குளோரினில் பாதிக்குள் இருக்க வேண்டும். கூடினால் புதுத் தண்ணீர் விடுங்கள், குளிக்க வருபவர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், முன்குளியலைக் கட்டாயமாக்குங்கள்.

பி.எச். (நீரின் அமில, கார அளவு) 7.2 முதல் 7.6-க்குள் இருக்கட்டும். 7.5-இல் தனிக் குளோரினில் ஏறக்குறைய பாதிதான் வீரியமாக வேலை செய்யும், 8-இல் அது கால் பங்காகிவிடும். ஆகவே குளோரின் எண் மட்டும் பதிவேட்டில் அழகாக இருந்து பயனில்லை.

இன்னொரு பொறி: அளவு மிக அதிகமாக இருந்தால் டி.பி.டி. நிறம் வெளுத்து "பூஜ்யம்" போலத் தெரியும். அதைப் பார்த்து மேலும் கொட்டுபவர்கள் உண்டு. மாத்திரை விழுந்ததும் இளஞ்சிவப்பு மின்னி மறைந்தால், மாதிரியைக் குளோரின் இல்லாத நீரில் கலந்து நீர்க்கச் செய்து மறுபடி சோதியுங்கள். அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் (குளோரின் மருந்து) ஒரே வாளியையோ ஒரே கரண்டியையோ தொடக்கூடாது. கலந்தால் விஷ வாயு. மருந்தைத்தான் நீரில் சேர்க்க வேண்டும், நீரை மருந்தில் ஊற்றக்கூடாது.

உள்ளரங்கப் பதிவு மேசை

எங்கள் பக்கம் இவ்வளவு கணக்கு இல்லை, சண்டை மட்டும் உண்டு. 9 முதல் 10 பேட்மிண்டன், 10 முதல் 11 வாலிபால் என்று பதிவு செய்துவிடுகிறார்கள். கம்பம் மாற்ற 20 நிமிடம் ஆகும் என்பது பதிவேட்டில் எங்கும் இருக்காது. மாற்றும் நேரத்தையும் ஒரு பதிவாகவே போட்டு வைத்தால் இந்தத் தகராறு வராது.

நகரும் கோல் போஸ்ட்டைப் பயன்படுத்தாத நேரத்திலும் நங்கூரமிட்டோ சங்கிலியிட்டோ வைக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் தொங்குவார்கள், சாய்ந்து விழும், உயிர் போயிருக்கிறது. இது மேசை வேலை இல்லைதான். ஆனால் தினசரிச் சோதனைப் படிவத்தில் கையெழுத்திடுவது மேசைதான். ஆம்புலன்ஸ் வரும் கேட்டின் சாவியையும் அதே படிவத்தில் சேர்த்துவிடுங்கள். சாவி பெரும்பாலும் முந்தைய ஷிப்ட்காரரோடு வீட்டுக்குப் போயிருக்கும்.

பயிற்சி ஒருங்கிணைப்பாளர்

வரவு செலவை யாரும் தொடவில்லையே?

போட்டி அமைப்பாளர்

தொடுகிறேன். மைதான வாடகை, நடுவர் கட்டணம், கோப்பை எல்லாம் அணிகள் எத்தனை வந்தாலும் பெரிதாக மாறாது என்று வைத்தால், அது நிலைச் செலவு. சான்றிதழ், தண்ணீர், டி-ஷர்ட் அணிக்கு அணி கூடும். நுழைவுக் கட்டணத்திலிருந்து ஓர் அணிக்கான செலவைக் கழியுங்கள். நிலைச் செலவை அந்த மிச்சத்தால் வகுத்தால் குறைந்தபட்சம் எத்தனை அணி வேண்டும் என்று வரும். அந்த எண்ணைப் பணம் கட்டிய அணிகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். "கண்டிப்பா வர்றோம் சார்" என்று போனில் சொன்ன அணிகள் கணக்கில் வராது. ஸ்பான்சர் வாக்குக் கொடுத்த தொகையும் அப்படித்தான். கைக்கு வரும்வரை அந்த வரியைக் காலியாக விடுங்கள்.