கீட்டோவுல கொயினா கெடைக்குமா?

குழு: நடுவட்டம் வீட்டார்

சனி

ராணி சித்தி (காலை 8:34): கீட்டோ வந்து சேந்துட்டோம். ஹூஸ்டன்ல ஏறி அஞ்சரை மணி நேரம். இங்க வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி

அகிலா அக்கா (8:36): அப்பத்தா கேக்கறாங்க, அது எந்த நாடு, அங்க சோறு கெடைக்குமான்னு

ராணி சித்தி (8:37): ஈக்வடார்னு சொல்லு. தென்னமெரிக்கா. கீட்டோதான் தலைநகரம். சோறு இருக்கு

குமார் மாமா (8:41): பொண்ணைப் பாக்கப் போறேன்னு போயிட்டு இப்படி ஊர் சுத்தறீங்களே மாப்ள

சேகர் சித்தப்பா (8:42): அவதான் டிக்கெட் போட்டுக் குடுத்தா. மூணே நாள்

சேகர் சித்தப்பா (மாலை 6:50): தலைவலி. ராத்திரி முச்சூடும் தூக்கமில்ல. ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது

கார்த்தி (6:52): சித்தப்பா, கீட்டோ 2,850 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637தான். நம்ம மலைக்கு மேல ஏறிப் போய் ஒரு பெரிய ஊரைக் கட்டி வெச்சிருக்காங்க

குமார் மாமா (6:53): ஊட்டிக்காரனுக்கே மூச்சு வாங்குதுன்னு வெளிய சொல்லிராதீங்க, மானம் போயிரும்

பெரியப்பா (6:58): சேகர், இன்னிக்கு மலை ஏற வேண்டாம். தண்ணி நிறையக் குடி. வயித்துக்குக் கொஞ்சமாச் சாப்பிடு

ராணி சித்தி (7:05): கொஞ்சமாவா மாமா! நீங்களே கேளுங்க, மத்தியானம் என்ன பண்றார்னு சொல்றேன்

ஞாயிறு

ராணி சித்தி (காலை 5:40): சொன்னேன்ல. சூப் கேட்டார். மெனுவுல உருளைக்கிழங்கு சூப்புக்கு லோக்ரோன்னு பேரு. பாலும் பாலாடைக்கட்டியும் போட்டு, மேல வெண்ணெய்ப்பழத் துண்டு. நான் அதைச் சொன்னேன். இவர் அதுக்குக் கீழ இருந்த யாவர்லோக்ரோவைக் கைகாட்டிட்டார்

ராணி சித்தி (5:41): வந்தது ஆட்டுக்குடலும் உருளைக்கிழங்கும். தனித் தட்டுல வறுத்த ரத்தம், பொடிப் பொடியா

குமார் மாமா (5:44): 😂😂 ரத்தப் பொரியல்!

சேகர் சித்தப்பா (5:45): நம்ம வீட்டுப் பொரியலேதான். மிளகு மட்டும் பத்தல. தலைவலி போயிருச்சு

அகிலா அக்கா (5:50): அப்பத்தா சிரிக்கறாங்க

ராணி சித்தி (5:56): உருளைக்கிழங்கோட பூர்வீகமே இந்த மலைங்கதானாம். மஞ்சள், ஊதா, கறுப்புன்னு குவிச்சு வெச்சிருக்காங்க. ஊட்டி மண்டில இருந்து வந்தவளை இங்க ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க. செலவெல்லாம் அமெரிக்க டாலர்லயே. 2000ல இருந்து அதுதான் இங்க பணம், அதனால மாத்தற வேலை இல்ல

ராணி சித்தி (5:58): பழைய ஊர்ல கம்பனியான்னு ஒரு கோயில், சர்ச்சு. 1605ல ஆரம்பிச்சு 160 வருஷம் கட்டினாங்களாம். சுவரு, கூரை எல்லாம் தங்கத் தகடு. போட்டோ எடுக்க விடல. இன்னொரு பெரிய சர்ச்சுல யாளி இருக்க வேண்டிய எடத்துல ஆமையும் உடும்பும் எட்டிப் பாக்குது

பெரியப்பா (6:10): ராணி, அங்க மரம் என்ன மரம்?

ராணி சித்தி (6:12): அதை ஏன் கேக்கறீங்க மாமா. மலையெல்லாம் நம்ம கற்பூர மரம், அதான் யூகலிப்டஸ்! கார்ல இருந்து எறங்கினதும் அந்த வாசனை. ஒரு நிமிஷம் நடுவட்டத்துல நிக்கறாப்பல இருந்துச்சு

பெரியப்பா (6:15): அதுவும் அங்க ஆஸ்திரேலியாவுல இருந்து போனதுதான், நமக்கு வந்த மாதிரியே. கொயினா மரம், அதான் மலேரியா மருந்து எடுக்கற பட்டை மரம், பாத்தியா?

ராணி சித்தி (6:16): இல்லீங்களே மாமா

பெரியப்பா (6:31): எல்லாரும் கேட்டுக்கங்க. நம்ம தாத்தா வேலை செஞ்ச நடுவட்டம் கொயினா பேக்டரி, அந்தத் தோட்டம், இதுக்கெல்லாம் மூலம் அந்த நாடுதான். 1860ல ஸ்ப்ரூஸுன்னு ஒரு வெள்ளைக்காரர் சிம்பொராசோ மலைச் சரிவுல செவப்புப் பட்டை மரத்தோட விதை பொறுக்கி அனுப்பினார். அதை ஊட்டியில முளைக்க வெச்சவர் தாவரவியல் பூங்காவைப் பாத்துக்கிட்ட மெக்ஐவர். அங்க அது தேசிய மரம். அதைப் பாக்காம வராதீங்க

குமார் மாமா (6:33): அண்ணன் பாடம் எடுக்க ஆரம்பிச்சாச்சு

பெரியப்பா (6:34): மலேரியால நம்ம சனம் செத்தப்ப குமாரோட அப்பனும் அந்த மாத்திரைதான் முழுங்கினான்

குமார் மாமா (6:34): 🙏 சரிங்ண்ணா

திங்கள்

சேகர் சித்தப்பா (காலை 4:32): பூமத்திய ரேகைல நிக்கறோம். [படம்] மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ

பெரியப்பா (4:35): அருமை

கார்த்தி (4:36): சித்தப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு பேருமே தெற்கு அரைக்கோளத்துலதான் நிக்கறீங்க. ஜிபிஎஸ் பாருங்க, நெஜ ரேகை அந்தத் தூணுக்கு வடக்கே 240 மீட்டர் தள்ளிப் போகுது

ராணி சித்தி (4:38): தூங்காம இதைச் சொல்லத்தான் முழிச்சிருந்தியா?

சேகர் சித்தப்பா (4:40): பக்கத்துல ஒரு எடத்துல உண்மையான கோடுன்னு கூட்டிட்டுப் போனாங்க. ஆணி மேல முட்டையை நிக்க வெக்கறாங்க. தொட்டித் தண்ணி கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி சுழிச்சு எறங்குது, அந்தப் பக்கம் வேற மாதிரி

கார்த்தி (4:43): முட்டை நம்ம வீட்டு ஆணியிலயும் நிக்கும், பொறுமை இருந்தா. தண்ணி விஷயம் கைவேலை. ஊத்தறப்ப எந்தப் பக்கம் சுழி குடுக்கறாங்களோ அப்படித்தான் சுத்தும். பூமி சுத்தறது புயலுக்குத் தெரியும், தொட்டித் தண்ணிக்குத் தெரியாது

குமார் மாமா (4:45): காசு குடுத்துப் பாத்தவங்ககிட்ட இதையெல்லாம் சொல்லலாமாடா

பெரியப்பா (4:52): அந்தத் தூணே 1736ல பூமியை அளக்க வந்த பிரெஞ்சுக்காரங்க ஞாபகமாக் கட்டினது. பூமி நடுவுல உப்பியிருக்கா, முனைல நீண்டிருக்கான்னு அப்ப பெரிய சண்டை. அந்தக் கோஷ்டில லா கொண்டமைன்னு ஒருத்தர். மறு வருஷமே லோகா பக்கம் போயி கொயினா மரத்தைப் பாத்து எழுதி வெச்சார்

குமார் மாமா (4:53): சுத்திச் சுத்திக் கொயினாவுக்கே வந்துட்டார் பாருங்க 😂

ராணி சித்தி (4:55): மாமா, நாளைக்குக் கண்டிப்பா தேடறோம். ராத்திரி ஹூஸ்டன் பிளைட்டு

ராணி சித்தி (இரவு 9:12): மாமா இருக்கீங்களா?

பெரியப்பா (9:12): இருக்கேன்

ராணி சித்தி (9:15): சான் பிரான்சிஸ்கோ மார்க்கெட்ல மூலிகைக்காரம்மாங்க வரிசையா உக்காந்திருக்காங்க. இலைக் கட்டை எடுத்து உச்சந்தலைல இருந்து கால் வரைக்கும் அடிச்சு அடிச்சு திருஷ்டி கழிக்கறாங்க. லிம்பியான்னு பேரு. முட்டையை வெச்சும் சுத்திப் போடறாங்க, நம்ம அப்பத்தா மாதிரியே

அகிலா அக்கா (9:16): சித்தி நீங்க கழிச்சுக்கிட்டீங்களா?

ராணி சித்தி (9:17): இவருக்குப் பண்ணினாங்க. அந்தக் கட்டுல செந்தட்டி இலை. கையெல்லாம் தடிச்சுப் போச்சு

சேகர் சித்தப்பா (9:17): இன்னும் எரியுது

ராணி சித்தி (9:20): அந்தம்மாகிட்ட போன்ல மரத்துப் படம் காட்டினேன். உடனே காஸ்காரில்லான்னு சொல்லிட்டு சாக்குக்குள்ள கைய விட்டு ஒரு துண்டு எடுத்துச்சு. [படம்] மேல சாம்பல், உள்ள துரு நெறம்

பெரியப்பா (9:21): வாங்கிட்டியா?

ராணி சித்தி (9:23): அமெரிக்காவுல இறங்கறப்ப பட்டை, விதை எதையும் விட மாட்டாங்க மாமா. அங்கயே குடுத்துட்டோம்

பெரியப்பா (9:29): சரி

பெரியப்பா (9:30): நாக்குல வெச்சுப் பாத்தியா?

ராணி சித்தி (9:30): வெச்சேன்

பெரியப்பா (9:31): கசப்பு எவ்வளவு நேரம் நின்னுச்சு?

ராணி சித்தி (9:32): ரெண்டு காபி குடிச்சாச்சு. இன்னும் போகல

பெரியப்பா (9:34): அப்ப அதேதான். அப்பா பேக்டரில இருந்து வந்து எங்களுக்குச் சோறு ஊட்டினா அந்தக் கசப்பு சோத்துல இருக்கும்

அகிலா அக்கா (9:41): அப்பத்தா சொல்றாங்க, சித்தப்பா கைக்குத் தேங்காயெண்ணெய் தடவச் சொல்லி