ரெட் ஏலும் அல்வாச் சட்டி ஓரமும்

பாளையங்கோட்டைக்காரன்:

பீர் குடித்த கதையை எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். சரி, இந்தக் குழுவில் எல்லோரும் தின்றது குடித்ததை எழுதுகிறீர்கள், நானும் எழுதிவிடுகிறேன்.

போன மார்ச்சில் வேலை விஷயமாக பெங்களூரு போயிருந்தேன். கூடப் படித்தவன் ஒருவன், அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் கடை ஒன்றுக்குக் கூட்டிப் போனான். டாஸ்மாக் பாட்டிலைத் தவிர வேறொன்றும் அறியாதவன் நான். ஆளுயரத் தொட்டிகளையும் ஆவியையும் பார்த்தபோது கல்யாண வீட்டு ஆக்குப்புரைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. மார்ச் 17 அயர்லாந்துக்காரர்களின் செயின்ட் பேட்ரிக் நாள். அதை ஒட்டி அந்த மாதம் மட்டும் ஐரிஷ் ரெட் ஏல் என்ற சிவப்பு பீர் போடுகிறார்களாம்.

கிளாஸ் வந்தது. கருப்பட்டிக் கடுங்காப்பியை வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒரு சிவப்பு தெரியுமே, அந்த நிறம். ஆசையாக ஒரு வாய் குடித்தேன். பல் கூசியதுதான் மிச்சம். கிளாஸையே உறைய வைத்திருந்தார்கள். ‘இதுக்கா இவ்வளவு காசு’ என்று மனசு கொதித்தது. பரிமாறியவரிடம் எதனால் இந்தச் சிவப்பு என்று கேட்டேன். “கலர் சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நண்பனுக்கு ஒரு போன் வர, வெளியே போனான். கால் மணி நேரம் கிளாஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எடுத்துக் குடித்தால், அடடா, வேறு சரக்கு! முதலில் அல்வாச் சட்டியின் ஓரத்தில் சுரண்டி எடுப்போமே, அந்தப் பாகு வாசம். பின்னாலேயே வறுத்த ரொட்டி. விழுங்கிய பிறகு காப்பிக்கொட்டையைக் கடித்த மாதிரி லேசான கசப்பு, நாக்கை உலர்த்திவிட்டுப் போனது. தித்திப்பு தங்கவே இல்லை.

தொட்டி பார்க்கிறவர்தான் விவரம் சொன்னார். நாம் கேழ்வரகை முளைகட்டுவதுபோல பார்லியை முளைகட்டிக் காயவைத்தால் அது மால்ட். அதில் கொஞ்சத்தை ஈரத்தோடு சூடேற்றி வறுத்தால், தானிய மணிக்குள்ளேயே சர்க்கரை பாகாகிவிடும். சிவப்புக்கு, கருக வறுத்த பார்லி ஒரு கை. அது கூடிப்போனால் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் பக்கம் சாய்ந்துவிடும். நம்ம அல்வாவுக்கும் சாயம் போடாதவர்கள் சீனியைக் கருக்கித்தானே சிவப்பு ஏற்றுகிறார்கள்? போதை 4, 5 சதவீதம்தான், தலை கனக்கவில்லை.

கடையத்துக்காரன்:

ஒரு சின்னத் திருத்தம். சீசன் கணக்கெல்லாம் வெளியூர்க் கடைகளில்தான். நான் அயர்லாந்தில் இரண்டு வருஷம் இருந்தேன், அங்கே வருஷம் முழுக்க ஊற்றுவார்கள். அங்கத்து ரெட் ஏல் ஒன்றின் பெயரை, முதல் நாள் எழுத்தைப் பார்த்து ‘ஸ்மித்விக்ஸ்’ என்று கேட்டேன். “ஸ்மிடிக்ஸா?” என்று திருப்பிக் கேட்டார் கடைக்காரர். 1710இல் கில்கென்னியில் ஆரம்பித்த ஆலை. பழைய பிரான்சிஸ்கன் மடம் இருந்த இடம். 2013இல் அங்கே காய்ச்சுவதை நிறுத்திவிட்டு டப்ளினுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சரக்கு இருக்கிறது, ஊர் போய்விட்டது. தாமிரபரணித் தண்ணீர் இல்லாமல் வேறெங்கோ கிண்டிய அல்வா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திசையன்விளை அண்ணாச்சி:

தம்பி, மார்ச்சில் ரயிலேறி பெங்களூரு போனீரே, அப்போதுதான் இங்கே பனையில் பதநீர் இறங்க ஆரம்பித்திருக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் விடிவதற்குள் புளிக்க ஆரம்பித்துவிடும். ஈஸ்ட் என்று யாரும் தனியாகப் போடுவதில்லை, காற்றிலும் கலயத்திலும் இருப்பதே போதும். 1987 முதல் கள்ளுக்குத் தடை, அதனால் அந்தச் சுண்ணாம்பு இல்லாத கலயத்தைப் பற்றி மேற்கொண்டு எழுத மாட்டேன். ஆனால் ஒன்று: பாகு வாசத்துக்கு அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். கருப்பட்டி காய்ச்சும் விளையில் வந்து நில்லும், சட்டை ரெண்டு நாளைக்கு மணக்கும்.

பாளையங்கோட்டைக்காரன்:

அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பட்டை மடித்து, நுங்கும் போட்டு வையுங்கள். ஐஸ் மட்டும் வேண்டாம்.